ஒரே வெள்ளம், ஏன் வேறு வேறு செய்தி?

காலநிலை மாற்றத்தை ஒவ்வொரு ஊடகமும் ஏன் வேறு விதமாகச் சொல்கிறது? இதைச் செய்திக் கோணம் என்பார்கள்: எதை முன்னே வைப்பது, எதை விடுவது என்ற தெரிவு. கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு பஸ்ஸில் போனால், காலிமுகத்திடலில் இடப்பக்க யன்னலில் கடல் தெரியும், வலப்பக்கத்தில் ஹோட்டல்கள். பஸ் ஒன்றுதான்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி, கொலன்னாவைப் பகுதி மூழ்கியது. தொலைக்காட்சிக்குப் படகும் இடுப்பளவு நீரும் செய்தி. வணிகப் பக்கத்துக்குக் காப்புறுதி இழப்பீடு. செய்திக்கு இன்றைய சம்பவம் வேண்டும், காலநிலையோ பல பத்தாண்டுக் கணக்கு. அதனால் 2050இல் காபன் சமநிலை, அதாவது வெளிவிடும் காபன் அளவுக்கு உறிஞ்சி ஈடுசெய்வது, என்ற இலங்கையின் வாக்குறுதி எளிதில் உள்பக்கத்துக்குப் போய்விடும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

அப்புறம், கோணங்கள் மாறுவதால் விஞ்ஞானிகளே பிரிந்து நிற்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். புவியைச் சூடாக்கியது மனிதர்தான், அதில் ஐயமில்லை என்று ஐநா காலநிலைக் குழுவின் 2021 அறிக்கை சொல்லிவிட்டது.