வயிற்றை நக்கி மொட்டையாக்கும் பூனை: மீன் எண்ணெய் போதுமா?

கேள்வி: செந்தூல் அடுக்குமாடியில் இருக்கிறோம். எங்கள் பூனைக்கு 3 வயது, 4 கிலோ. இரண்டு மாதமாக நக்கி நக்கி வயிற்றில் முடியே இல்லை. இடுப்பிலும் கழுத்திலும் கேழ்வரகு மாதிரிப் பொருக்கு. தெள்ளுப்பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. மீன் எண்ணெயும், சளிக்கு நாங்கள் போடும் மஞ்சள் மாத்திரையும் கொடுக்கலாமா டாக்டர்?

மருத்துவர் பதில்: கண்ணில் படாததால் தெள்ளு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அரிப்பெடுத்த பூனை நக்கும்போதே அதை விழுங்கிவிடும். ஒவ்வாமைக்கு ஒன்றிரண்டு கடியே போதும். பூச்சியின் எச்சில்தான் வினை. நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாலின் அடியில் வாரி, உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளின் கழிவு. உங்கள் பூனையின் இரத்தம்தான் அது.

துகள் கிடைக்காவிட்டாலும் முதல் மருந்து தெள்ளுக்கே. நம் ஊர் வெக்கையில் அது வருடம் முழுக்கப் பெருகும். பூனைக்கான சொட்டு மருந்தைப் பிடரியில், முடியை விலக்கித் தோலில் படும்படி மாதம் ஒருமுறை விடுங்கள். மூன்று மாதமாவது தொடர வேண்டும். சோபா இடுக்கில் கூட்டுக்குள் இருப்பவை பிறகுதான் வெளியே வரும். நாய் மருந்தைத் தொடவே வேண்டாம். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும்.

மீன் எண்ணெய் துணை மட்டுமே. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். 1000 மி.கி. கேப்சூலில் பெரும்பாலும் ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ. 180 மி.கி., டி.எச்.ஏ. 120 மி.கி. இருக்கும். கால் கேப்சூல் அளவு சோற்றில் பிழிந்து தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றுவரை போகலாம். மலம் இளகினால் குறையுங்கள். மீன் ஈரல் எண்ணெய் வேண்டாம், வைட்டமின் ஏ மிகுந்துவிடும். ஆளி விதை எண்ணெயும் வீண். அதிலிருப்பதைத் தனக்கு வேண்டியதாக மாற்றிக்கொள்ளும் வல்லமை பூனையின் உடலுக்குப் போதாது.

மஞ்சள் மாத்திரை 4 மி.கி. குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்து மட்டுமே என்றால், உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அரை மாத்திரை, நாளைக்கு இருமுறை. கசப்பில் நுரை தள்ளும், பயப்படாதீர்கள். சில பூனைகளுக்குத்தான் கேட்கும்; இரண்டு வாரத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அட்டையைப் படிக்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

அரிப்பு கடுமையென்றால் மருத்துவர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தருவார். பிரெட்னிசோனைப் பூனையின் உடல் சரியாக மாற்றிக்கொள்ளாது, பெயரைப் பார்த்து வாங்குங்கள். நாளாக நாளாக அளவைக் குறைப்பார்; நீங்களாக நிறுத்தக்கூடாது. மாதக்கணக்கில் நிற்கும் ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, சர்க்கரை நோய் வரலாம்.

தெள்ளை ஒழித்தும் அரித்தால், உணவு ஒவ்வாமையா என்று பார்க்க உணவுச் சோதனை: மருத்துவர் சொல்லும் ஒரே உணவு, 8 வாரம். அப்போது மீன் எண்ணெயும் கூடாது. சம்பலுக்கு ஆய்ந்த நெத்திலித் தலை ஒன்று கீழே விழுந்தாலும் சோதனை கெட்டுவிடும்.