அரபு இலக்கியம் படிக்க ஆசைப்படும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகள், பி.காம். வேண்டாம், பி.ஏ. அரபுதான் படிப்பேன் என்கிறாள். டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதுவேன் என்றும் சொல்கிறாள். இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். அவள் போக நினைக்கும் அதே வழியில் போன ஒருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

இப்ராஹீம் தூக்கான் 1905இல் பாலஸ்தீனத்தின் நாப்லஸ் நகரில் பிறந்த அரபுக் கவிஞர். பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்து 1929இல் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பி அந்நஜாஹ் பள்ளியில் ஆசிரியரானார். 1930இல் அக்கா என்ற நகரத்தின் சிறையில், அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசு மூன்று பாலஸ்தீனர்களைத் தூக்கிலிட்டபோது அவர் எழுதிய கவிதையை இன்றும் அரபு மக்கள் மறக்கவில்லை. அவர் எழுதிய ‘மவ்தினீ’ (என் தாயகம்) பாடல்தான் இன்று இராக்கின் தேசிய கீதம். இவ்வளவு புகழ் கிடைத்தும், மாதச் சம்பளத்துக்கு அவர் வகுப்பறைக்குத்தான் போக வேண்டியிருந்தது. நாப்லஸ், பெய்ரூட், எருசலேம் என்று மாறி மாறிப் பாடம் நடத்தினார்.

அந்த வேலை அவருக்கு எப்படி இருந்தது என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். எகிப்தின் பெருங்கவிஞர் அஹ்மத் ஷவ்கி, ‘ஆசிரியருக்கு எழுந்து நின்று மரியாதை செய், அவர் இறைத்தூதருக்கு நெருங்கியவர்’ என்று பாடியிருந்தார். அதற்கு மறுமொழியாகத் தூக்கான் ஒரு கவிதை எழுதினார். ஷவ்கி ஒரு மணி நேரம் பாடம் நடத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்கிறார். காலையும் மாலையும் நோட்டுப் புத்தகங்கள், நூறுக்கு மேல் நூறு; திருத்தித் திருத்திக் கண்ணே போய்விடும். இலக்கணத்தை அவ்வளவு பாடுபட்டு விளக்கிய பிறகும் பையன் அதே வேற்றுமைப் பிழையைச் செய்கிறான். ஆசிரியருக்கு ஆயுள் குறைவு என்று அந்தக் கவிதை முடிகிறது. சிரிக்க வைக்கும் கவிதைதான், ஆனால் மாணவப் பருவத்திலிருந்தே வயிற்று நோயோடு போராடியவர் அதை எழுதினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1936இல் எருசலேம் வானொலியின் அரபுப் பிரிவுக்குப் போனார். 1940இல் அங்கிருந்து நீக்கப்பட்டார். இராக் போய் மறுபடியும் ஆசிரியர் வேலையில் சேர்ந்தார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஊர் திரும்பியவர் 1941 மே மாதம் காலமானார். நாற்பது வயதைக்கூட எட்டவில்லை.

இதைப் படித்துவிட்டு ‘பார்த்தாயா!’ என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். இன்னொரு பாதி இருக்கிறது. தூக்கானின் தங்கை ஃபத்வாவுக்கு வழியில் ஒரு பையன் மல்லிகைப் பூ கொடுத்தான் என்பதற்காக வீட்டார் அவளுடைய பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அண்ணன்தான் அவளுக்கு வீட்டிலேயே கவிதை கற்றுக்கொடுத்தார். முதலில் மனப்பாடம் செய்யக் கொடுத்தது, ஒரு பெண் தன் சகோதரனை இழந்து பாடிய பழைய இரங்கற்பா. அந்தத் தங்கை பின்னாளில் அரபு மொழியின் பெரிய கவிஞர்களில் ஒருவரானார். நூறு நோட்டுகளைக் கண்டு சலித்த அதே மனிதர்தான் இப்படியும் ஓர் ஆசிரியராக இருந்தார். எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இது.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். டீச்சர் வேலையில் எழுத நேரம் கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் அவள் அந்த வேலைக்குப் போக வேண்டாம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பிடித்திருந்தால் போகட்டும். எழுத மட்டும்தான் ஆசை என்றால், அரபு தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு, ஊடகம் என்று வேறு வேலைகளும் உண்டு. தூக்கானே வானொலிக்குப் போனவர்தானே.

படிப்புக்குத் திருச்சி ஜமால் முகமது கல்லூரி இருக்கிறது. மேற்படிப்புக்கு டெல்லி ஜே.என்.யூ., ஐதராபாத் இஃப்ளு (ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) இருக்கின்றன. கல்லூரி ஆசிரியராக முதுகலையில் 55 சதவீதமும், நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். நெட் தேர்வில் அரபு ஒரு பாடமாகவே இருக்கிறது. ஆனால் அரபு ஆசிரியர் பணியிடங்கள் குறைவு. அதனால் முதல் ஆண்டிலிருந்தே ஆங்கிலத்தையும் கணினியில் அரபு தட்டச்சையும் விடாமல் பழகட்டும். வளைகுடா வேலை மனதில் இருந்தால் இன்னொன்று: அங்கே கடைவீதியில் பேசும் அரபு வேறு, பாடப்புத்தக அரபு வேறு. பேச்சுப் பயிற்சி தனியாக வேண்டும்.

கல்லூரி சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு அவள் டியூஷன் எடுக்கட்டும். தினமும், நோட்டு திருத்துவது உட்பட. ஒரு மாதம் கழித்தும் அவளுக்கு அது சுமையாகத் தெரியவில்லை என்றால் அரபுப் படிப்புக்கான விண்ணப்பத்தில் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். சலித்துப்போனால் அரபை விட வேண்டியதில்லை, டீச்சர் வேலைக்கான பி.எட். படிப்பை மட்டும் தள்ளி வைக்கலாம். எப்படியிருந்தாலும் கல்லூரியின் பாடத்திட்டத்தை எனக்கு அனுப்பி வையுங்கள். எந்த விருப்பப் பாடத்தை எடுப்பது என்று அப்புறம் அவளோடு பேசுகிறேன்.