பழைய கடனுக்கு இன்று போன் வந்தால்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பேக்கரி வைத்திருக்கிறேன். 2012இல் பொள்ளாச்சியில் குடியிருந்தபோது தனியார் வங்கி ஒன்றில் 3 வருடத் தவணையில் 60,000 ரூபாய் கடன் வாங்கினேன். 2014க்குப் பிறகு கட்ட முடியவில்லை. இப்போது வசூல் ஏஜென்ட் ஒருவர் வட்டியோடு 1,84,000 கேட்கிறார். “இன்னைக்கு ஒரு 2,000 மட்டும் ஜிபே பண்ணுங்க, கேஸ் வராம பாத்துக்கறேன்” என்கிறார். அடுத்த மாதம் வேன் வாங்க லோன் கேட்கப் போகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 2,000 ரூபாயை அனுப்பாதீர்கள்.

இதுபோன்ற அடமானம் இல்லாத கடனுக்குக் கோர்ட்டில் வழக்குப் போட 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் 3 வருடம்தான் தருகிறது. உங்கள் கடைசித் தவணையே 2015இல் முடிந்திருக்கும் என்பதால், இடையில் எதிலும் கையெழுத்துப் போடாமலும் பணம் கட்டாமலும் இருந்திருந்தால் 2018லேயே கெடு தீர்ந்துவிட்டது. கொரோனாவுக்காக 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றது. உங்களுக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் அது பொருந்தாது.

கடன் அழிந்துவிடவில்லை. அவர்கள் கேட்கலாம், கோர்ட் மூலம் வாங்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் “கட்டிவிடுகிறேன்” என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தச் சட்டம் 25(3)இன்படி அதுவே புதிய ஒப்பந்தம். கெடு தீர்ந்த பிறகு கட்டும் சில்லறைப் பணம் மட்டும் பழைய கெடுவை உயிர்ப்பிக்காது. ஆனால் அந்த 2,000ஐத் தொடர்ந்து ஒரு ‘செட்டில்மென்ட் ஃபார்ம்’ வரும், அதில்தான் சிக்கல். செக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில்கூட வாக்குக் கொடுக்க வேண்டாம்.

ஏஜென்டிடம் பேசிப் பயனில்லை. வங்கிக்கே மெயில் அனுப்புங்கள்: “நீங்கள் கேட்கும் தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடன் ஒப்பந்தம், கணக்கு அறிக்கை, கடைசியாகப் பணம் வரவான தேதி, கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் அதற்கான பத்திரம், இவற்றை அனுப்பவும்.” இவ்வளவு போதும். கஷ்டம், உடம்புக்கு முடியாதது எல்லாம் எழுதவேண்டாம். இரக்கத்துக்காக எழுதும் வரியைத்தான் பிறகு ஒப்புதல் என்று நீட்டுவார்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்ய ரிசர்வ் வங்கி விதி அனுமதிப்பதில்லை. அப்படி வந்தால் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

அடுத்தது சிபில். யார் எவ்வளவு கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று பதிந்து வைக்க உண்மையில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். நான்கையும் எடுத்து, இந்தக் கடன் இருக்கும் பகுதியில் கடைசிப் பணம் வரவான தேதியைப் பாருங்கள். கடன் கைமாறியிருந்தால் ஒரே கடன் வங்கியின் பெயரிலும் வாங்கிய நிறுவனத்தின் பெயரிலும் இரண்டு முறை நிலுவையாக நிற்பதுண்டு. உங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லை: பொள்ளாச்சியில் எடுத்த பான் கார்டிலும் பாலக்காடு ஆதாரிலும் பெயரின் ஆங்கில எழுத்துகள் வேறுபடும். யாரோ ஒருவரின் கணக்கு உங்கள் தலையில் விழ அது போதும்.

தப்பு இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே ‘டிஸ்ப்யூட்’ பதியலாம், கட்டணமில்லை. 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால் நிஜமாகவே கட்டாமல் விட்டதை இப்படி அழிக்க முடியாது. அழித்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். ஒருவேளை பேசி முடிப்பதாக இருந்தால், ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டி முடித்தது) என்று பதிவாவதற்கும் ‘குளோஸ்டு’ (முழுதும் கட்டி முடித்தது) என்று பதிவாவதற்கும் உள்ள வித்தியாசம் வேன் லோனில் தெரியும். எது பதிவாகும் என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ மழுப்பினாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. 14448க்குப் போன் செய்து விவரம் கேட்கலாம்.

ஒன்றைச் சரிபார்க்க மறக்காதீர்கள். பொள்ளாச்சி முகவரிக்குச் சம்மன் போய், நீங்கள் இல்லாததால் ஒருதலையாகத் தீர்ப்பு வந்திருக்கலாம். அப்படியானால் 3 வருடக் கணக்கு செல்லாது; தீர்ப்பை நிறைவேற்ற அவர்களுக்கு 12 வருடம் உண்டு. கோர்ட் வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பொள்ளாச்சி, பாலக்காட்டுச் சித்தூர் இரண்டு இடத்திலும் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஏதாவது கிடைத்தால் எனக்கு எழுதுவதை விட்டுவிட்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.