சிராக்கூசாவின் தூண்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

சென்ற மே மாதம் நானும் கணவரும் இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போய்வந்தோம். ஒரு வாரத்தில் பலெர்மோ, செஃபலூ, அக்ரிஜெந்தோ, ராகூசா, நோத்தோ, சிராக்கூசா, தாவோர்மீனா எல்லாம் பார்த்துவிட்டோம். சிராக்கூசாவில் மட்டும் மனம் கசந்துபோனது. அவ்வளவு பழைய கிரேக்கக் கோவிலைச் சுவர் வைத்து அடைத்துத் தேவாலயம் ஆக்கியிருக்கிறார்கள். அந்தச் சுவர்களை எடுத்துவிட்டுக் கோவிலை மீட்டிருக்கக் கூடாதா? டிசம்பரில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மறுபடி போகிறோம். அம்மாவுக்கு 70 வயது, மூட்டுவலி உண்டு. தங்குவதற்குத் தாவோர்மீனா நல்லதா, ராகூசாவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பார்த்துவந்த ஊரை அம்மாவுக்கும் காட்ட வேண்டும் என்று நினைக்கிற மகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த உரிமையில்தான் கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன். ஒரு வாரத்தில் ஏழு ஊர் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை, கிடைத்த லீவு அவ்வளவுதான். ஆனால் ‘மீட்டிருக்கக் கூடாதா’ என்று கேட்டீர்களே, அதைச் சும்மா விட முடியாது. கொஞ்ச காலமாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது.

கி.மு. 480-ல் சிசிலியின் ஹிமெராவில், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் படையை வென்ற சிராக்கூசா அரசன் கெலோன், கிரேக்கத் தெய்வம் அதீனாவுக்கு எழுப்பிய கோவில் அது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் அதைத் தேவாலயம் ஆக்கினார்கள். எப்படி ஆக்கினார்கள் என்று நின்று பார்த்தீர்களா? சுற்றிலும் நின்ற தூண்களுக்கு இடையே கல் அடுக்கி அடைத்தார்கள், அது வெளிச்சுவர் ஆயிற்று. உள்ளே கருவறையின் நீண்ட சுவர்களில் வரிசையாக வளைவுகளை வெட்டித் திறந்தார்கள். இருட்டான கருவறை, ஊரே கூடி நிற்கும் மண்டபம் ஆகிவிட்டது. 878-ல் அரபுகள் ஊரைப் பிடித்தபோது அதுவே மசூதி. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடக்கிலிருந்து நார்மன்கள் வந்து ஊரைப் பிடித்ததும் மறுபடி தேவாலயம். 1693 ஜனவரி 11 நிலநடுக்கத்தில் முகப்பு விழுந்தது. இப்போது நாம் பார்க்கும் முகப்பு 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது.

இதில் எந்தச் சுவரை எடுக்கச் சொல்கிறீர்கள்? அந்தச் சுவர் இல்லையென்றால் உங்கள் கோவிலே இல்லை. நான் உணர்ச்சிவசப்பட்டு இதைச் சொல்லவில்லை, அக்ரிஜெந்தோவில் நீங்களே கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அங்கே கூரை தவிரக் கிட்டத்தட்ட முழுசாக நிற்கும் கொன்கோர்தியா கோவிலைப் படம் எடுத்திருப்பீர்கள். அது ஏன் நிற்கிறது? 6-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது தேவாலயம் ஆனது. கருவறைச் சுவர்களில் அப்போது வெட்டிய வளைவுகள் இன்னும் இருக்கின்றன. அதே பள்ளத்தாக்கில் ஒலிம்பிய ஜீயஸ் கோவில் என்று ஒரு கற்குவியல் கிடக்கிறதே, அது கிரேக்க உலகத்திலேயே மிகப் பெரிய கோவில்களில் ஒன்று. அதற்குள் கும்பிட யாரும் போகவில்லை. நிலநடுக்கத்தில் சரிந்ததை நிமிர்த்த ஆள் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் பக்கத்துத் துறைமுகத்துக்கு, இன்றைய போர்த்தோ எம்பெதொக்லேவுக்கு, அலைதடுப்புச் சுவர் கட்ட அதன் கற்களை வண்டி வண்டியாக ஏற்றிப்போனார்கள். கோவில் கடலுக்குள் போனது. புழங்கிய கோவில் தப்பித்தது, புழங்காதது கல்குவாரி ஆனது. இவ்வளவு தெளிவாக இந்த விஷயத்தைக் காட்டும் ஊர் வேறு எனக்குத் தெரியாது. நீங்களோ இரண்டையும் பார்த்துவிட்டு, தப்பித்ததைப் பார்த்துத்தான் வருத்தப்படுகிறீர்கள்!

பழசைப் ‘பழையபடி’ பார்க்க வேண்டும் என்ற ஆசையை நான் நம்புவதில்லை. எந்தப் பழையபடி? கெலோனுடையதா, பிஷப்புடையதா, அரபுகளுடையதா? நடுவில் வாழ்ந்துபோன ஆயிரம் வருஷத்து மனிதர்களைத் துடைத்துவிட்டு எனக்குக் காட்டு என்று கேட்பது அநியாயம். சுத்தம் செய்த கோவிலில் சுற்றுலாப்பயணி மட்டும்தான் இருப்பார்.

சிராக்கூசாவில் நான் உள்ளே போனது ஒரு மாலைப் பூசை நேரம். காய்கறிப் பையோடு ஒரு வயதான அம்மா வந்தார். பக்கத்தில் டோரிக் என்ற பழைய கிரேக்கப் பாணித் தூண் ஒன்று, அடியில் அகலமாக, நெடுக்கப் பள்ளவரி செதுக்கியது. பையை அதன் ஓரமாக வைத்தார். பையிலிருந்து சோம்புக்கீரையின் தழை நீட்டிக்கொண்டிருந்தது. தூணின் பள்ளத்தில் முதுகைப் பொருத்திச் சாய்ந்துகொண்டு ஜெபமாலையை எடுத்தார். நின்ற விதத்தைப் பார்த்தால் அது அவருடைய வழக்கமான இடம் என்று தெரிந்தது. கெலோன் பெயர் அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, அந்தக் கல்லை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் இன்னொன்று. பலெர்மோவில் மோந்தே பெல்லெக்ரீனோ மலை மேலே போனதாக நீங்கள் எழுதவில்லை, போயிருக்க வேண்டும். அங்கே குகைக்குள் புனித ரொசாலியாவின் கோவில் இருக்கிறது. 1624-ல் ஊரைப் பிளேக் வாட்டியபோது அவருடைய எலும்புகள் அங்கே கிடைத்ததாகவும், அவற்றை ஊர்வலமாக எடுத்துப்போனதும் நோய் விட்டதாகவும் நம்பிக்கை. குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து வடிக்கத் தலைக்கு மேலே தகரத் தகடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அந்த மலைக்கு இன்று பக்தியோடு ஏறுகிறவர்களில் பலர் இலங்கைத் தமிழர்கள். போருக்குத் தப்பி பலெர்மோவுக்கு வந்து குடியேறியவர்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை, இந்துக்களும் போகிறார்கள். பிளேக்குக்காகப் பிரபலமான ஒரு பெண் தெய்வத்திடம், வீட்டையும் மண்ணையும் விட்டு வந்த குடும்பங்கள் போய் நிற்கின்றன. அவர்களையும் ‘இது உங்களுடையது இல்லை’ என்று வெளியே அனுப்பிவிட்டுக் குகையை மீட்க வேண்டுமா? சொல்லுங்கள்.

சரி, அம்மாவின் மூட்டுவலிக்கு வருகிறேன். ராகூசா வேண்டவே வேண்டாம். கீழே இருக்கும் இப்லா பழைய நகரம், மேலே புது நகரம், நடுவில் படிக்கட்டுகள். பார்க்க அழகு, முழங்காலுக்கு ஆகாது. தாவோர்மீனாவும் மலைமேல் இருக்கிறது, குளிர்காலத்தில் பல விடுதிகள் மூடியிருக்கும். சிராக்கூசாவிலேயே ஒர்த்தீஜா தீவில் அறை எடுங்கள். ஊரோடு பாலத்தால் சேர்ந்த சின்னத் தீவு, பெரும்பாலும் சமதளம். தரையில் பாவியிருக்கும் கல் வழுக்கும், அம்மாவுக்கு நல்ல பிடிப்புள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

டிசம்பரில் எந்தத் தேதி என்று நீங்கள் எழுதவில்லை. 13-ஆம் தேதி சிராக்கூசாவின் காவல் புனிதர் லூசியாவின் திருநாள். அவருடைய வெள்ளிச் சிலையை நீங்கள் குறைசொன்ன அந்தத் தேவாலயத்திலிருந்துதான் தோளில் தூக்கி வருவார்கள், ஒரு வாரம் கழித்து 20-ஆம் தேதி திரும்பக் கொண்டுபோவார்கள். 1646 பஞ்சத்தில் ஊர் அவரை வேண்டியதும் தானியக் கப்பல் வந்ததாகவும், மாவாக்கும்வரை பொறுக்காமல் கோதுமையை அப்படியே அவித்துத் தின்றதாகவும் சொல்வார்கள். அதனால் அன்றைக்கு ரொட்டி தொடாமல் அவித்த கோதுமையில் செய்த குச்சீயா சாப்பிடும் வீடுகள் இன்னும் உண்டு. விமான டிக்கெட்டை மாற்ற முடியுமானால் 13-க்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேருகிற மாதிரி மாற்றுங்கள். அம்மாவை முதல்நாள் சாயங்காலமே தேவாலயத்துக்குக் கூட்டிப்போங்கள், திருநாளன்று கூட்டம் நெரிக்கும்.