வீட்டுக் கணக்கு: மீன் பார்க்கப் போன காசு

கேள்வி: வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். பையனுக்கு 9 வயது, பாப்பாவுக்கு 4. தலைக்கு மேலே சுறா நீந்துகிற கண்ணாடிச் சுரங்கத்தைச் செல்போனில் பார்த்ததிலிருந்து, பரீட்சை லீவுக்குச் சென்னைக்குக் கூட்டிப் போ என்று பையன் நச்சரிக்கிறான். மாமியாரையும் சேர்த்தால் ஐந்து பேர். மூவாயிரத்துக்கு மேல் செலவு செய்ய வழியில்லை. எப்படிங்க அக்கா சமாளிப்பது?
– வாசகி, சென்னிமலை

பதில்: அம்மணி, மூவாயிரத்தில் ஐந்து பேர் சென்னைக்குப் போய் அந்தச் சுரங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. முடியும் என்று எழுதினால் நான் முப்பத்தொரு வருசம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியதற்கு அர்த்தமில்லை. ஆனால் மூவாயிரத்துக்குள் பையனுக்கு மீன் காட்ட முடியும். அதற்கு முன் என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்.

2014 மே மாதம். கோபியிலிருந்து வேன் பிடித்து ஒன்பது பேர் போனோம். எங்கே என்று சொல்லப் போவதில்லை, ஒரு தனியார் பூங்கா, உள்ளே மீன் தொட்டிகளும் உண்டு. வேன் வாடகை 4,500. டிக்கெட் 1,350. மதியச் சாப்பாடு 2,180. ஜூஸ், ஐஸ்கிரீம் 760. தொப்பி, பொம்மை, ஊதல் 940. சுங்கம், பார்க்கிங் 285. மொத்தம் 10,015. டிக்கெட் குறையுமா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேசினோம். அது மொத்தச் செலவில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை, பார்த்தீர்களா?

இத்தனைக்கும் நான் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிசாதமும் தேங்காய்த் துவையலும் செய்து பெரிய தூக்குப்போசி நிறையக் கட்டியிருந்தேன். வாசலில் பையைத் திறந்து பார்த்து, வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்றுவிட்டார்கள். போசி வேனுக்குத் திரும்பிப் போனது. பன்னிரண்டரைக்குப் பிள்ளைகளுக்குப் பசித்தபோது டிரைவர் எங்கேயோ டீ குடிக்கப் போயிருந்தார், வேன் பூட்டிக் கிடந்தது. அந்த 2,180 அப்படி வந்தது. புளிசாதத்தை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒன்பது பேரும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். எங்கே போனாலும் உள்ளே நுழைவதற்கு முன், பதினொரு மணிக்கே, மர நிழலாகப் பார்த்து எல்லாரையும் சாப்பிட வைத்துவிடுவேன். பதினொரு மணிக்கு யாருக்குப் பசிக்கும் என்று மருமகள்கள் முணுமுணுப்பார்கள். சந்தகையை எடுத்து வைத்தால் பசிக்கும்.

சரி, உங்கள் விசயத்துக்கு வருகிறேன். முதலில் பையனை உட்கார வைத்துக் கேளுங்கள்: உனக்கு மீன் பார்க்க வேண்டுமா, சுறாதான் பார்க்க வேண்டுமா? இதற்குச் செலவு ஒன்றுமில்லை, ஆனால் நிறையப் பேர் கேட்பதில்லை. மீன் என்று சொன்னால் நீங்கள் போக வேண்டிய ஊர் சென்னை இல்லை, மலம்புழா.

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அணை அது. இன்றைக்குக் கேரளம் என்றாலும், 1955 அக்டோபரில் அதைத் திறந்து வைத்தவர் நம் காமராசர். மலபார் அப்போது சென்னை மாகாணத்தோடு இருந்தது. அணைக்குக் கீழே பெரிய தோட்டம், கானாயி குஞ்ஞிராமன் வடித்த யட்சி சிலை, ரோப் கார், பாம்புப் பண்ணை. தோட்டத்துக்குப் பக்கத்திலேயே மீன் காட்சியகம். அந்தக் கட்டடமே மீன் வடிவத்தில் இருக்கும், பாப்பாவுக்கு அதுவே போதும். கிளம்புவதற்கு முதல் நாள், காட்சியகம் திறந்திருக்கிறதா என்று யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தொட்டி உள்ள இடங்களைப் பராமரிப்புக்கு மூடுவது சகஜம். வாசலில் போய் நின்று ஏமாந்தால், அந்த ஏமாற்றத்தைச் சரிக்கட்டவே ஐஸ்கிரீம் செலவு இரட்டிப்பாகும்.

வேன் வேண்டாம். ஈரோட்டுக்கு வந்து கோவை வழியாகப் பாலக்காடு போகும் மெமு ரயிலில் ஏறுங்கள். முன்பதிவில்லாத டிக்கெட்தான். ஐந்து வயதுக்குக் கீழே ரயிலில் டிக்கெட் கிடையாது, பன்னிரண்டுக்குள் இருந்தால் அரை டிக்கெட். ஆக உங்கள் ஐந்து பேருக்கு மூன்றரை டிக்கெட். பாலக்காடு டவுன் என்று போட்டிருந்தாலும் அதுவரை போகாதீர்கள், முன்னால் வருகிற பாலக்காடு ஜங்ஷனில் இறங்கிவிடுங்கள். ஒலவக்கோடு என்பார்கள். மலம்புழாவுக்கு அங்கிருந்துதான் பக்கம், பஸ்ஸும் கிடைக்கும். ஸ்டேசன் வாசலில் ஆட்டோக்காரர்கள் தமிழிலேயே கூப்பிடுவார்கள். மாமியாருக்கு முட்டி வலி இருந்தால் ஏறிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாலு எட்டு நடந்து பஸ்.

மதுக்கரை தாண்டி வாளையாறு வரை பையனை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். யானை கடக்கிற காட்டுப் பகுதி என்பதால் ரயில் அங்கே மெதுவாகப் போகும். என் பேரன் நான்கு தரம் போயும் யானையைப் பார்க்கவில்லை. மயில் பார்த்தான்.

மீன் காட்சியகத்துக்குள் போன பிறகு காசு இன்னொரு விதமாக வீணாகும். அவசரம். நான் பார்த்தவரை, முக்கால்வாசிக் குடும்பங்கள் தொட்டிக்கு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுகின்றன. கொடுத்த டிக்கெட்டுக்கு ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டாமா? பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். எந்த மீனுக்கு மீசை இருக்கிறது? எது அடியிலேயே மேய்கிறது? எது மேலே வந்து வாயைத் திறக்கிறது? பவானிசாகர் மீன் கடையில் பார்த்த கெளுத்தியின் சொந்தக்காரன் இந்தத் தொட்டியில் யார்? ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். என் பேரன் மீசைக்காரர்களாக மட்டும் ஏழு பேரைக் கண்டுபிடித்தான். அதில் ஒன்று கண்ணாடிக்கு வெளியே நின்ற காவலாளி.

பொம்மைக் கடைக்கு என் மருந்து இது: போகும்போதே ஆளுக்கு ஐம்பது ரூபாய் கையில் கொடுத்துவிடுவேன். அது உன் காசு, என்ன வேண்டுமானாலும் வாங்கிக்கொள், தீர்ந்தால் தீர்ந்தது. அம்மாவின் பர்ஸிலிருந்து நூற்றைம்பது ரூபாய்த் தொப்பி கேட்கிற பிள்ளை, தன் ஐம்பதைக் கொடுக்க யோசிக்கும். பெரிய பேத்தி ஐம்பதையும் முழுசாகத் திருப்பிக் கொண்டு வந்தாள். சின்னவன் நுழைவதற்கு முன்பே பஞ்சு மிட்டாய்க்காரரிடம் கொடுத்துத் தீர்த்துவிட்டான். மூன்று மணி நேரம் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு வந்தான். மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் கொடுக்கவில்லை.

பையன் சுறாதான் என்று நின்றால்? அப்போது இந்த லீவில் வேண்டாம். ஈஞ்சம்பாக்கத்தில் 2019 முதல் இருக்கிற வி.ஜி.பி. மரைன் கிங்டம் போல, தனியார் நடத்துகிற சுரங்கங்களில் ஐந்து பேரின் நுழைவுக் கட்டணமே உங்கள் மூவாயிரத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். சென்னையில் சொந்தத்தில் கல்யாணமோ சீரோ வராமலா போகும்? எப்படியும் போக வேண்டிய பயணத்தோடு இதைக் கோத்துவிடுங்கள், ரயில் செலவு கல்யாணக் கணக்கில் போய்விடும். ஈரோட்டிலிருந்து ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஸ்லீப்பரில் பையனுக்குத் தனி பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம்தான், பெர்த் கேட்டால் 2016-லிருந்து முழுக் கட்டணம். பகலில் முன்பதிவு செய்து உட்கார்ந்து போகிற வகுப்புகளில் அந்தச் சலுகை கிடையாது. சென்ட்ரலில் பையைப் பாதுகாப்பு அறையில் போட்டுவிட்டுத் திருவான்மியூர் போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாதாரண டவுன் பஸ். உங்களுக்கும் மாமியாருக்கும் அதில் டிக்கெட்டே இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு அன்று ராத்திரியே திரும்ப ரயில் ஏறினால் லாட்ஜ் செலவும் மிச்சம். ஒன்று மட்டும் கவனியுங்கள். தனியார் பூங்காக்கள் பலவற்றில் குழந்தைக்கு வயதைப் பார்ப்பதில்லை, சுவரில் கோடு போட்டு உயரம் பார்ப்பார்கள். பாப்பா உங்கள் பக்கத்து ஜாடையில் நெட்டையாக இருந்தால் அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: ராமேசுவரத்துக்குத் திதி கொடுக்கப் போகிறோம். பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கென்று செலவில்லாமல் ஏதாவது உண்டா?
– வாசகர், தாராபுரம்

பதில்: உண்டுங்க. பாம்பனுக்கு முன்னாலேயே மண்டபம் வரும். அங்கே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. அந்த நிலையத்தின் தலைமையகமே முன்பு மண்டபத்தில்தான் இருந்தது, பிற்பாடு கொச்சிக்குப் போய்விட்டது. மண்டபத்தில் மன்னார் வளைகுடா மீன்களை வைத்து ஒரு காட்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள். பார்வை நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள், ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள்.

அதற்கும் நேரமில்லை என்றால், கோவைக்கு வருகிற ஒரு நாள் விடியற்காலையில் உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போங்கள். நான் போயிருக்கிறேன். நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்தவர்கள், ஆள் நீளத்துக்குக் கிடந்த ஒரு மீனைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்கள். நீந்தாது, அவ்வளவுதான் குறை.

கேள்வி: ஒவ்வொரு வருசமும் டிக்கெட் வாங்குவதற்கு வீட்டிலேயே மீன் தொட்டி வாங்கி வைத்துவிடலாம், அதுதான் மிச்சம் என்கிறார் என் கணவர். சரியா?
– வாசகி, பவானி

பதில்: உங்கள் வீட்டுக்காரர் தொட்டியின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார் போல. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ரெண்டு தங்கமீன் வாங்குவதுதான் உள்ளதிலேயே நஷ்டக் கணக்கு. தங்கமீன் நிறையக் கழிவு போடும், கழிவிலிருந்து அம்மோனியா வரும், சின்னக் கிண்ணத்தில் அது தேங்கி மீனைக் கொன்றுவிடும். செத்ததும் பிள்ளை அழும், மறுபடியும் ரெண்டு வாங்குவீர்கள். எங்கள் வீட்டில் இப்படி மூன்று சுற்று போனது. நான்காவது சுற்றில்தான் கடைக்காரரிடம் கேட்காமல் கிணற்றுக்காரரிடம் கேட்டேன்.

கப்பி வளருங்கள். கொசுப்புழுவைத் தின்பதற்காகக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுகிற அதே குட்டி மீன்தான். நம் பக்கத்துப் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக, கடினமாக இருந்தாலும் தாங்கும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். வாரம் ஒரு தரம் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும், முழுசாகக் கழுவிக் கவிழ்க்க வேண்டாம். மாற்றி எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள், அது தழைப்பதைப் பார்த்தால் உரக் கடைப் பக்கம் போக மாட்டீர்கள். தீனி ஒரு சிட்டிகை, ரெண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. பிள்ளைகள் பாசத்தில் டப்பாவையே கவிழ்ப்பார்கள், அதை மட்டும் உயரத்தில் வையுங்கள்.

ஆனால் இதைச் செய்துவிட்டால் மலம்புழா போக வேண்டியதில்லை என்று அவர் கணக்குப் போட்டால் அது நடக்காது. கப்பி வைத்திருக்கிற பிள்ளைதான் பெரிய தொட்டியைப் பார்க்கணும் என்று இன்னும் அதிகமாகக் கேட்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கப்பி முட்டை போடாது, குட்டியாகவே போடும், மாதத்துக்கு ஒரு தரம் போடும். நான் வாங்கியது ஆறு. இப்போது எண்ணுவதை விட்டுவிட்டேன். கோபிப் பக்கம் வந்தால் உங்களுக்கும் ஒரு தூக்குப்போசியில் கொடுத்தனுப்புகிறேன். போசியை மட்டும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.