அலைகிறவர்களுக்கு ஒரு காரணம் கொடுங்கள்

கேள்வி: கற்பனை உலகத்தில் நடக்கும் நாவல் ஒன்று எழுதுகிறேன். அதில் ‘துறையர்’ என்றொரு கூட்டம். கடலோடிகளும் மலைக்காரர்களும் கலந்து பிறந்தவர்கள், ஊரில்லாமல் மாட்டுவண்டியில் அலைகிறார்கள். குறி சொல்வார்கள், ஆடுவார்கள், சில்லறைத் திருட்டும் உண்டு. “பாதி அது, பாதி இது. சொந்தமாக ஒன்றுமில்லையே” என்கிறார் அண்ணன். என்ன செய்யலாம்?
- மோல்மேன் வாசகர், பர்மா

பதில்: தம்பி, அண்ணன் குறையைச் சரியாகப் பிடித்துவிட்டார், காரணத்தைத்தான் தவறவிட்டார். குறி, ஆட்டம், திருட்டு எல்லாம் ஊர்க்காரன் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பவை. நீங்கள் இன்னும் வண்டிக்குள் ஏறவே இல்லை. தமிழ்நாட்டில் நரிக்குறவரிடம் ஊசியும் பாசிமணியும் வாங்கியவர்கள் ஏராளம். அவர்கள் தங்களுக்குள் பேசும் வாக்ரிபோலி வடக்கத்தி மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது அதில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வண்டிக்குள் என்ன இருக்கும் என்கிறீர்களா? என் பாட்டி பர்மியப் பெண், தாத்தா தமிழர். காலையில் பாட்டி கல்லில் சாமிக்குச் சந்தனம் இழைப்பாள். கழுவிவிட்டு அதே கல்லில் பர்மியர் முகத்துக்குப் பூசும் தனாக்கா மரப்பட்டையை இழைத்து எங்கள் கன்னத்தில் பூசுவாள். கழுவ மறந்த நாளில் தாத்தா தமிழில் கத்துவார், பாட்டி பர்மிய மொழியில் திருப்பிக் கொடுப்பாள். இரண்டு பேருக்கும் நன்றாகவே புரியும். அந்த வீட்டில் யாரும் தன்னைப் பாதி என்று நினைத்ததில்லை. சித்திரைப் பிறப்பும் பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவும் ஒட்டி ஒட்டி வருவதால் எங்களுக்குப் பலகாரம் இரட்டிப்பு, அவ்வளவுதான்.

பாதிக் கணக்கு வாசலுக்கு வெளியேதான் தொடங்கும். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் பர்மாவில் முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமகனுக்கு நீலம், குடியுரிமை பெற்றவருக்குப் பச்சை. உங்கள் நாவலில் கோட்டை வாசல் காவலன் கையில் என்ன இருக்கிறது? ஓலையா, முத்திரையா? அதை முதலில் தீர்மானியுங்கள்.

அடுத்தது, அவர்கள் ஏன் அலைகிறார்கள்? கடிதத்தில் அது இல்லவே இல்லை. தயவுசெய்து ‘ரத்தத்தில் ஊறியது’ என்று எழுதிவிடாதீர்கள். 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அப்புறம் கடைகள் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அதனால் கப்பலேறி மதராஸ் போன நம் தமிழர்களில் சிலருக்கு அங்கே ஒட்டவில்லை. தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் விடவில்லை. திரும்பிப் போகவும் மனமில்லாமல் மணிப்பூரின் மோரேவிலேயே தங்கிவிட்டார்கள். இன்றைக்கு அங்கே அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. பிறவி நாடோடி என்று அவர்களில் யாரைச் சொல்வீர்கள்?

துறையரையும் எங்கேயோ ஒரு வாசல் தடுத்திருக்க வேண்டும். எந்த வாசல், எந்த ராஜா, எந்த வருஷம் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும், நாவலில் சொல்லக்கூட வேண்டாம்.

மொழியையும் அளந்து கலக்காதீர்கள். சந்தையில் எண்ணுவது மலைப்பேச்சில் இருக்கட்டும், தாலாட்டு கடல்பேச்சில் இருக்கட்டும். நம்மில் பலருக்கு இருப்பதுபோல் வீட்டுக்கொரு பெயர், வெளிக்கொரு பெயர் வையுங்கள். காவலன் கேட்கும்போது உங்கள் கதாநாயகி எந்தப் பெயரைச் சொல்கிறாள் என்று ஒரு அத்தியாயம் எழுதிப் பாருங்களேன்.

திருடன் ஒருவன் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ராத்திரி வண்டிக்குத் திரும்பும்போது அவனைப் பிடித்து உலுக்க ஒரு அத்தை வேண்டும்.