காய்ச்சலுக்குப் போன மாணவரிடம் குடிப்பழக்கம் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

கல்லூரி கிளினிக்கில் சளி, காய்ச்சல் என்று போனாலும் "குடிப்பீங்களா?" என்று படிவம் நீட்டுகிறார்களே, இது வேவு பார்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. குடி பற்றிப் பேசவென்றே மாணவர்கள் பெரும்பாலும் டாக்டரிடம் வருவதில்லை, அதனால் வேறு எதற்காவது வரும்போதே எல்லோரிடமும் கேட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலும் உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற 10 கேள்விப் படிவம்தான். மொத்தம் 40 மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தாலே கவனிக்க வேண்டும். நேரமில்லாத இடங்களில் முதல் 3 கேள்வி மட்டும்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, குடிக்கிற நாளில் எவ்வளவு, ஒரே அமர்வில் 6 டிரிங்க் அல்லது அதற்கு மேல் குடித்தது எத்தனை தடவை. இந்த மூன்றாவதுதான் மாணவர்கள் விஷயத்தில் முக்கியம் என்பேன். வாரம் முழுக்கத் தொடாமல் சனிக்கிழமை ராத்திரி மட்டும் மளமளவென்று குடிப்பவர் தன்னைக் குடிகாரர் என்று நினைக்கவே மாட்டார், ஆனால் வண்டி விபத்து, அடிதடி, மயங்கிக் கிடக்கும்போது வாந்தி மூச்சுக்குழாயில் போவது எல்லாம் அந்த ஒரு ராத்திரியில்தான் நடக்கிறது.

மதிப்பெண் கூடினால் நோயாளி என்று முத்திரை குத்துவதில்லை. நர்ஸோ ஆலோசகரோ ஒரு 10, 15 நிமிடம் உட்கார்ந்து, "போன வாரம் எவ்வளவு? மறுநாள் வகுப்புக்குப் போக முடிந்ததா?" என்று கேட்டு, குறைப்பதற்கு அவர் வாயாலேயே ஒரு வழி சொல்ல வைப்பார்கள். மதிப்பெண் ரொம்ப அதிகமென்றால்தான் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

பதில் வீட்டுக்கோ நிர்வாகத்துக்கோ போகுமா என்று நிரப்பும் முன்பே கேளுங்கள், அது உங்கள் உரிமை. அந்தப் பயம் இருந்தால் எல்லோரும் பூஜ்யம் என்றுதான் எழுதுவார்கள், அப்புறம் கேட்டே பயனில்லை.